திருவனந்தபுரத்தில் சனி, ஞாயிறு: நம்ம குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், இல்லாவிட்டால் ரயில் மாறும் இடம். ஊர் பார்க்கவென்று போகிறவர்கள் குறைவு. நான் வேலை விஷயமாக அங்கே அடிக்கடி போய்வருகிறவன் என்பதால் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பிடித்துவைத்துக் கேட்பார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

ரெண்டு மணி நேரத்துல போற ஊருக்கு எதுக்கு ராத்திரி தங்கணும்? காலைல போயிட்டு சாயங்காலம் வந்துரலாமே?

போகலாம், ஆனால் பாதிதான் பார்ப்பீர்கள். பத்மநாபசுவாமி கோயில் மதியம் 12 மணியோடு நடை சாத்தினால் மறுபடி திறப்பது மாலை 5 மணிக்கு. மியூசியமும் மிருகக்காட்சி சாலையும் அந்த நேரத்தில் மூடிவிடும். காலையிலும் கோயில் ஒரே நீட்டாகத் திறந்திருக்காது. பூஜைக்காக நடுநடுவே நடை அடைப்பார்கள். பத்து மணிக்குப் போய் இறங்கி, வரிசையில் நின்று, நடை அடைத்து, திறந்து, கும்பிட்டு வெளியே வந்தால் வெயில் உச்சந்தலையில் நிற்கும். அதற்குப் பிறகு பிள்ளைகளை மியூசியத்துக்கு இழுத்துப்போனால் அழுகைதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை கிளம்பி, பகலில் மியூசியம் பக்கம், சாயங்காலம் கிழக்கேகோட்டை, சாலை பஜார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தங்கல். ஞாயிறு விடிகாலை கோயில். இந்த வரிசையில் போனால் எதற்கும் ஓட வேண்டியதில்லை. கீழே நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பஸ் நல்லதா, ட்ரெயின் நல்லதா?

நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து ரயிலில் 71 கிலோமீட்டர். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழி. ஸ்டேஷன் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு ரயில்தான். டிக்கெட் விலையும் குறைவு, பாலராமபுரம் நெரிசலும் கிடையாது. இரட்டைப் பாதை வேலை முழுதாக முடியும்வரை எதிர்வண்டிக்காக எங்காவது நிறுத்திப்போடுவார்கள், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குப் பஸ். வடசேரியிலிருந்து நம்ம பஸ்ஸும் கேரள பஸ்ஸும் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக ஓடுகின்றன. ரயிலும் பஸ்ஸும் போய் நிற்பது தம்பானூரில், எதிரெதிரே.

ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய நேமம் ஸ்டேஷனுக்கு இப்போது திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர். கொச்சுவேளிக்குத் திருவனந்தபுரம் வடக்கு. போர்டில் திருவனந்தபுரம் என்று கண்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். நீங்கள் இறங்க வேண்டியது சென்ட்ரல். டிக்கெட் எடுக்கும்போதும் சென்ட்ரல் என்றே சொல்லி எடுங்கள்.

பொம்பளைங்க ஃப்ரீ பஸ்ஸுல போக முடியுமா?

களியக்காவிளை வரைக்கும் நம்ம நகரப் பேருந்துகளில் மாறி மாறிப் போனால் இலவசம். எல்லை தாண்டினால் டிக்கெட்தான். மிச்சமாகும் பணத்தைவிடப் போகும் நேரம் அதிகம். கையில் பிள்ளை இருந்தால் வேண்டாம்.

எங்க ரூம் எடுக்கணும்?

தம்பானூர், மாஞ்சாலிக்குளம் ரோடு, அரிஸ்டோ ஜங்ஷன். லாட்ஜ் வரிசையாக இருக்கிறது, எல்லா விலையிலும் கிடைக்கும். இங்கிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம், நடந்தே போகலாம். ஞாயிறு விடிகாலை ஆட்டோ தேட வேண்டாம் என்பதே பெரிய லாபம். ரோட்டைப் பார்த்த அறை வேண்டாமென்று முதலிலேயே சொல்லுங்கள், பஸ் சத்தம் தூங்க விடாது. பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் அடித்துப் பெய்தால் தம்பானூரில் தண்ணீர் கட்டும். அந்த மாதிரி நாளில் ஸ்டேஷனின் பின்பக்கம், பவர் ஹவுஸ் ரோடு வழியாக வெளியே வாருங்கள். சாலை பஜாருக்கும் கிழக்கேகோட்டைக்கும் அதுதான் கிட்ட.

எனக்கு மலையாளம் ஒரு எழுத்து தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டை வரை பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். சாலை பஜாரில் கடைக்காரரே தமிழராக இருப்பது சாதாரணம். பஸ் போர்டு மட்டும் குழப்பும். ஏறுவதற்கு முன் கண்டக்டரிடம் கேளுங்கள்.

கோயிலுக்கு என்ன உடுத்திட்டுப் போகணும்? சுடிதார் போட்டா விடுவாங்களா?

ஆண்களுக்கு வேட்டி மட்டும். சட்டை, பனியன் கிடையாது; மேலே துண்டு போர்த்திக்கொள்ளலாம். பெண்களுக்குச் சேலை, முண்டும் நேரியதும், அல்லது பாவாடை சட்டை. சுடிதார் போட்டு வந்தவர்கள் அதன்மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அதற்கென்றே வாசலில் வேட்டி விற்கிறார்கள். வீட்டிலிருந்தே ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போனால் அந்தச் செலவு இல்லை.

போன், கேமரா உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியே வாங்கி வைத்து டோக்கன் தருவார்கள். அந்த இடத்தில்தான் கூட்டமே, வரிசையில்கூட இல்லை. போன்களையெல்லாம் லாட்ஜ் அறையில் பூட்டிவிட்டு, ஒருவர் மட்டும் சில்லறையோடு வந்தால் அரை மணி நேரம் மிச்சம். கூட்டத்தில் பிரிந்துபோனால் போன் பண்ணித் தேட முடியாது என்பதால், கும்பிட்டு முடிந்ததும் எங்கே நிற்பது என்று உள்ளே போகுமுன் பேசிவையுங்கள். பத்மதீர்த்தக் குளத்தின் படிக்கட்டுப் பக்கம் என்றால் யாருக்கும் தப்பாது.

திருவட்டாறு பெருமாளைப் பாத்தவங்களுக்கு அங்க புதுசா என்ன இருக்கு?

கேட்டவர் திருவட்டாற்றுக்காரர், நியாயமான கேள்வி. ரெண்டு இடத்திலும் அனந்தசயனம், ரெண்டும் கடுசர்க்கரை யோகம் என்னும் மூலிகைக் கலவையில் செய்த திருமேனி, ரெண்டிலும் மூன்று வாசல் வழியாகத்தான் தரிசனம். நம்ம ஆதிகேசவர் 22 அடி, பத்மநாபர் 18 அடி. நம்மவர் மேற்கு பார்த்தவர், அவர் கிழக்கு பார்த்தவர். ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

திருவட்டாற்றில் 2022 கும்பாபிஷேகத்துக்குப் பிறகு கூட்டம் கூடினாலும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பத்மநாபர் கோயிலில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் வாசலில் முகமும், கீழே சிவலிங்கத்தின் மேல் தொங்கும் வலது கையும், நடு வாசலில் உந்தித் தாமரையில் பிரம்மா, மூன்றாவதில் பாதம். விளக்கு வெளிச்சம் மட்டும்தான். கண் இருட்டுக்குப் பழகுமுன் பின்னாலிருப்பவர் தள்ளிவிடுவார். முதலிலேயே எந்த வாசலில் எதைப் பார்ப்பது என்று தெரிந்து போனால் தவற விட மாட்டீர்கள். கும்பிட்டு முடிந்ததும் உடனே வெளியே வராதீர்கள். பிரகாரத்துக் கல்தூண் வரிசையை ஒரு சுற்று மெதுவாக நடந்து பாருங்கள். அங்கே யாரும் உங்களைத் தள்ள மாட்டார்கள். என் கணக்கில் திருவட்டாற்றுக்காரர்களுக்குப் புதுசு அதுதான்.

நாங்க கிறிஸ்தவங்க. கோயிலுக்குள்ள விட மாட்டாங்கன்னா அந்தப் பக்கம் போயி என்ன பண்ண?

இந்துக்கள் மட்டும் என்பதுதான் அங்கே விதி. ஆனால் கோயிலை ஒட்டியே குதிரமாளிகை இருக்கிறது, ஸ்வாதித் திருநாள் மகாராஜா கட்டியது, இப்போது மியூசியம். யாரும் போகலாம். கூரைக்குக் கீழே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாக நிற்கும், பெயரே அதனால்தான். மதியம் இடைவேளை விட்டு மூடுவார்கள், திங்கள் விடுமுறை. பக்கத்துச் சுவரில் மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் வாயைத் திறக்கும், ரெண்டு பக்கமும் ஆட்டுக்கடா வந்து கன்னத்தில் முட்டும். ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மணிக்கு ரெண்டு நிமிஷம் முன்னால் போய் நில்லுங்கள்.

பாளையத்தில் புனித சூசையப்பர் கதீட்ரல், ஜும்மா பள்ளிவாசல், கணபதி கோயில் மூன்றும் ஒரே சந்திப்பில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஞாயிறு பூசைக்கு அங்கே போகலாம். காலையில் வீட்டில் பாதிப் பேர் பத்மநாபர் கோயிலுக்கும் பாதிப் பேர் பாளையத்துக்கும் போகும் கலப்புக் குடும்பங்கள் நம்ம மாவட்டத்தில் நிறையவே உண்டு. அவர்களுக்குச் சந்திக்கும் இடம் காஃபி ஹவுஸ். அதைக் கீழே சொல்கிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறோம். மியூசியம், ஜூ எல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்?

அரை நாள் முழுசாக வேண்டும். எல்லாம் ஒரே வளாகம், நிறைய மரம். மிருகக்காட்சி சாலை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. மேடு பள்ளமாக நடக்க வேண்டியிருக்கும், முட்டுவலிக்காரர்கள் வெளியே மரத்தடியில் உட்காருவது நல்லது. 2023இல் இங்கிருந்து ஓர் அனுமான் குரங்கு தப்பிப்போய் நகரத்து மரங்களில் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் குரங்குக் கூண்டை விட்டு நகர மாட்டார்கள்.

நேப்பியர் மியூசியம் 1880இல் கட்டி முடித்தது. வரைந்தவர் ராபர்ட் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டியவரும் அவர்தான். உள்ளே வெண்கலச் சிலைகளும் மரச் சிற்பங்களும். ஆனால் கட்டிடத்தையே முதலில் வெளியே நின்று பாருங்கள். செங்கல்லில் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையான சுவர், கேரளத்துக் கூரை. அதே வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்களும் இருக்கின்றன. காலண்டரிலும் பூஜை அறையிலும் பார்த்துப் பழகிய முகங்களின் மூலத்தை நேரில் பார்ப்பது வேறு. பெரியவர்களுக்கு எனக்குத் தெரிந்து நகரத்தில் இதைவிட நல்ல ஒரு மணி நேரம் இல்லை. ஞாயிறு கூட்டம் அதிகம், அதனால்தான் சனிக்கிழமைப் பகலில் போகச் சொன்னேன்.

சாப்பாடு எப்படி? நம்ம வீட்டுக்காரருக்குத் தோசை இல்லாம ஆகாது.

தோசை தாராளம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இந்தியன் காஃபி ஹவுஸ் இருக்கிறது, கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டியது. வட்டமான செங்கல் கட்டிடம், மாடிப்படியே கிடையாது. திருகு மாதிரி சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரே சாய்தளம், வெளிச்சுவரை ஒட்டி மேஜைகள். சுவரில் விட்ட ஓட்டைகள் வழியாகக் காற்று வரும். விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர் தட்டோடு அந்தச் சரிவில் ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். மசாலா தோசையைப் பிய்த்தால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. வீட்டுக்காரர் முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள், ரெண்டாவது வாய்க்குச் சரியாகிவிடுவார்.

மதியச் சாப்பாட்டில் போளியும் பாயசமும் கிடைக்கும் கடையாகப் பாருங்கள். போளியைப் பாயசத்தில் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவது நமக்கும் புதிதல்ல. அசைவக்காரர்கள் சாலை பஜாரில் ரஹ்மானியா கடையின் கேத்தல் சிக்கன் தேடிப் போவார்கள். சின்னக் கோழி, மொறுமொறு மிளகாய்த் தூள், சப்பாத்தி. உறைப்பு தாங்காதவர்கள் எலுமிச்சை ஜூஸை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாலையில என்ன வாங்கலாம்? ஞாயித்துக்கிழமை கடை உண்டுமா?

சனிக்கிழமை சாயங்காலமே போங்கள். ஞாயிறு பல கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். பாத்திரம், மசாலா சாமான், பப்படம், பூஜைப் பொருள், துணி எல்லாம் இருக்கிறது. நேந்திரங்காய் சிப்ஸ் மட்டும் அங்கே வாங்கி வராதீர்கள். நாகர்கோவில்காரர் அடுத்த ஊரிலிருந்து சிப்ஸ் தூக்கிவருவது நமக்கே கேவலம்.

கைத்தறி வேண்டுமென்றால் பாலராமபுரம். நம்ம பாதையில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வள்ளியூர், நாகர்கோவில் பக்கமிருந்து நெசவாளர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றி உண்டாக்கிய தறி ஊர் அது. பஸ்ஸில் திரும்பினால் இறங்கி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறலாம். கசவு வேட்டி, சேலை எடுக்கும்போது கைத்தறியா பவர்லூமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அங்க நம்ம ஊர்க்காரங்க அடையாளம் ஏதாச்சும் உண்டா? பையனுக்கு ஸ்கூல்ல எழுதணுமாம்.

நிறைய. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமே நம்ம பத்மநாபபுரம்தான். அதற்குப் பிறகுதான் திருவனந்தபுரத்துக்கு மாறியது. சாலை பஜாரை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோடு தாலுகாவில் பிறந்தவர். தலைமைச் செயலகத்தில் சிலையாக நிற்கும் வேலுத்தம்பி தளவாய் கல்குளம் தாலுகா தலக்குளத்துக்காரர். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆனால் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது.

பையன் நேரில் பார்த்து எழுத வேண்டுமென்றால் நவராத்திரிக்கு முன் கூட்டிப்போங்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை மூன்று பேரும் குழித்துறை, நெய்யாற்றின்கரையில் ராத்தங்கி ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். நவராத்திரி முடிந்து திரும்ப வருவார்கள். எல்லையில் ரெண்டு மாநில போலீஸும் நின்று மரியாதை செய்யும். அந்தக் காட்சிக்கு ஒரு பக்கம் எழுதலாம்.

கோவளம் போகணுமா?

கடல் பார்க்கத்தானே? அதற்குக் கன்னியாகுமரி, முட்டம், சொத்தவிளை எல்லாம் நமக்கு உண்டு. நகரத்திலிருந்து போய்வர அரை நாள் போய்விடும். பிள்ளைகள் அடம்பிடித்தால் கலங்கரை விளக்கத்தில் ஏறலாம். அங்கிருந்து விழிஞ்ஞம் பக்கம் நன்றாகத் தெரியும். 2025 மே மாதம் திறந்து வைத்த புதுத் துறைமுகத்தின் ராட்சசக் கிரேன்கள் அங்கேதான்.

கொல்லங்கோடு, நித்திரவிளை பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் வேறு பதில். உங்களுக்கு விழிஞ்ஞம், பூவாறு வழியாகத் திரும்புவதே சுற்றில்லாத பாதை. பூவாற்றில் நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் படகு உண்டு.

ஆட்டோக்காரங்க ஏமாத்துவாங்களா?

நம்ம ஊரில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு அங்கே ஆச்சரியமாக இருக்கும், மீட்டர் போடுவார்கள். 2022இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய். ராத்திரி 10 மணி முதல் காலை 5 வரை பாதி கூடுதல். ஸ்டேஷன் வாசலில் சிலர் வாய்க்கு வந்ததைச் சொல்வதும் உண்டு. ரோட்டுக்கு வந்து ஓடும் ஆட்டோவைக் கைகாட்டுங்கள். நகரத்துக்குள் சுற்றும் எலெக்ட்ரிக் பஸ்களும் இருக்கின்றன.

சொந்தக் காரில் போனால்?

எம்.ஜி. ரோடு, கிழக்கேகோட்டையில் நிறுத்த இடம் தேடியே உயிர் போகும். கார் நிறுத்தும் வசதியுள்ள லாட்ஜாக எடுத்து, போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு நடந்தோ ஆட்டோவிலோ சுற்றுங்கள். ஏர்போர்ட்டோ ஆக்குளம் லுலு மாலோ போவதாக இருந்தால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். எல்லையை ஒட்டிய காரோடு என்னும் ஊரிலிருந்து பைபாஸ் நேரே போகிறது.

ஆர்.சி.சி.யில அத்தையைப் பாக்கப் போறோம். அதோட ஊரும் பாத்துக்கலாம்னு நினைச்சோம், தப்பா?

தப்பே இல்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரியான ஆர்.சி.சி., ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் எல்லாம் ஒரே பக்கம். தம்பானூரிலிருந்தும் கிழக்கேகோட்டையிலிருந்தும் பஸ் உண்டு. பார்வை நேரத்தை முதலில் கூட இருப்பவரிடம் கேட்டுவிட்டு, மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒருவர் அவர்களோடு மியூசியத் தோட்டத்தில் இருக்கட்டும், மற்றவர்கள் போய்வரலாம். கூட இருப்பவர் கேண்டீன் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போயிருப்பார். வீட்டுப் புளிக்கறியும் துவையலும் ஒரு பாத்திரத்தில் எடுத்துப்போங்கள், ஆரஞ்சுப் பழத்தைவிட அதுதான் தேவை.

ஒரு நாள் லீவு சேத்துப் போடலாம்னு இருக்கேன். வெள்ளி போடவா, திங்கள் போடவா?

வெள்ளி. திங்கள்கிழமை மிருகக்காட்சி சாலை, மியூசியம், குதிரமாளிகை எல்லாம் மூடியிருக்கும். வரும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறைதான்.

எந்த வாரம் போகாம இருக்கணும்?

ஆற்றுகால் பொங்கல். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். தம்பானூர் முதல் நகரம் முழுக்கத் தெருவில் அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடுவார்கள். அதற்கென்றே போனால் மறக்க முடியாது. ஊர் பார்க்கப் போனால் அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது. ஓண வாரம் நேர்மாறு. கூட்டம் உண்டு, ஆனால் ராத்திரி விளக்கு அலங்காரம் பார்க்கவே போகலாம். விமானத்தில் வரும் சொந்தக்காரரை அழைக்கப் போகிறவர்கள் பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவாமி ஊர்வலம் ஓடுபாதை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போவதால் அன்று சில மணி நேரம் விமானமே இறங்காது.

ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்பணும்?

பஸ் என்றால் மதியம் சாப்பிட்டதும் ஏறிவிடுங்கள். சாயங்காலம் ஆனால் பாலராமபுரம் ஜங்ஷனில் ஒருமுறை, நெய்யாற்றின்கரையில் ஒருமுறை நிற்பீர்கள். ஊருக்கு வந்திருந்த மாணவர்களும் வேலைக்காரர்களும் ஞாயிறு மாலை திருவனந்தபுரத்தை நோக்கி வருவார்கள். எதிர்த்திசையில் நமக்கு உட்கார இடம் கிடைக்கும், ரோடுதான் கிடைக்காது. ரயில் என்றால் மாலை வண்டிக்கே நிற்கலாம். பிளாட்பாரம் மாறுவதை ஒலிபெருக்கியில் மலையாளத்தில்தான் முதலில் சொல்வார்கள். கூட்டம் எழுந்து நடந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள், அப்புறம் விசாரிக்கலாம்.